மூன்று கிழமையாக உணவைத் தொடாத ஆக்சோலாட்டல்: தண்ணீர் 17 பாகைதான், பிறகு என்ன காரணம்?

#1 கிளாலிக்கரை (மெல்பேர்ண்), சனி காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஆக்சோலாட்டல் (செவுள்களோடு தண்ணீரிலேயே வாழும், பல்லி வடிவ நீர்நிலவாழ் விலங்கு) இன்றோடு 19 நாட்களாக எதையும் உண்ணவில்லை. வெள்ளை நிறம், மூன்று வயது, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 23 சென்டிமீட்டர். பெயர் கொழுக்கட்டை. பெயர் வைத்தவள் என் எட்டு வயது மகள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப்பையை இறக்காமலே தொட்டியின் முன் போய் நின்று, "இன்றைக்குச் சாப்பிட்டதா?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.

தொட்டி 120 லீட்டர். வடிகட்டி இரண்டரை ஆண்டுகளாக ஓடுகிறது. வெளியே பெப்ரவரி வெயில் 36 பாகையைத் தொட்டாலும், குளிரூட்டும் கருவியான சில்லர் இருப்பதால் தண்ணீர் 17 பாகையில் நிற்கிறது. தரையில் மெல்லிய மணல், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி, யாரோ நல்லது என்று சொன்னதால் இரண்டு வாதுமை இலைகள். பரிசோதனைப் பட்டியை நனைத்துப் பார்த்தேன். நைட்ரைட் இல்லை, மற்றவை பெரிதாகச் சிவக்கவில்லை.

முன்பெல்லாம் இடுக்கியில் மண்புழுவைக் காட்டினால் கண்ணாடிக்கு வெளியே கேட்கும்படி "டப்" என்று உறிஞ்சிக்கொள்ளும். இப்போது புழு மூக்கருகே வந்ததும் தலையை மெல்ல மறுபக்கம் திருப்பிக்கொள்கிறது. இரண்டு தடவை வாயில் எடுத்துத் துப்பியும் விட்டது. செவுள்கள் முன்நோக்கி வளைந்திருக்கின்றன, வால் நுனி கொக்கிபோலச் சுருண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

#2 பனிக்குளம் (ஸ்கார்பரோ), சனி

வணக்கம் அக்கா. முதலில் ஓர் ஆறுதல்: நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த ஆக்சோலாட்டல் இரண்டு மூன்று கிழமை உண்ணாமலிருந்தாலும் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. குஞ்சாக இருந்தால் கதை வேறு. மேலிருந்து பாருங்கள், வயிற்றின் அகலம் தலையின் அகலத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால்தான் மெலிவு என்று கொள்ள வேண்டும்.

வெப்பம்தான் காரணம் என்று எழுத வந்தேன், நீங்கள் அந்த வாசலை முன்பே அடைத்துவிட்டீர்கள். அடுத்த ஐயம் புழுவின் மேல். எந்தப் புழு கொடுக்கிறீர்கள்? உரப்பெட்டியில் வளரும் செம்புழு அச்சம் வந்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு கசப்பு நீரை வெளியிடும். என் ஆக்சோலாட்டல் அதை வாயில் எடுத்த வேகத்திலேயே துப்பும். இங்கே தூண்டில் கடைகளில் நைட்கிராலர் என்ற பெரிய மண்புழு கிடைக்கிறது; அதற்கு இந்தக் கசப்பு இல்லை.

#3 நீலகிரித்தவளை (குன்னூர்), சனி

மணலோடு கூழாங்கல் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த விலங்கு இரையைக் கடித்து உண்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். கடைசியாக எப்போது மலம் கழித்தது? அடைப்பு என்று தோன்றினால், மூடிய டப்பாவில் வைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 6 டிகிரியில் சில நாட்கள் வைத்திருந்து நான் ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறேன்.

#4 மருந்துக்கரண்டி (கால்நடை மருத்துவர், அடிலெய்டு), சனி மாலை

குளிர்பெட்டி முறையை எதற்கென்று தெரியாமல் யாரும் கையில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீலகிரியார் அதைத் தெரிந்து செய்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே இன்னலில் இருக்கும் விலங்கின் உடல் இயக்கத்தையும் செரிமானத்தையும் மேலும் மந்தமாக்கினால், நோய் மறைந்து நிற்குமே தவிரத் தீராது.

முன்நோக்கி வளைந்த செவுளும் சுருண்ட வால் நுனியும் ஒன்றாக வந்தால் நான் உணவை விட்டுவிட்டுத் தண்ணீரைத்தான் பார்ப்பேன். சகோதரி, நீங்கள் பாவிக்கும் பட்டியின் பெட்டியை எடுத்து, அது எவற்றையெல்லாம் அளக்கிறது என்று வாசியுங்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான பட்டிகளில் அம்மோனியாவுக்குக் கட்டமே கிடையாது. துளிமருந்துப் பரிசோதனை வாங்கி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்), கேஎச் எனப்படும் கார்பனேட் கடினத்தன்மை ஆகிய ஐந்தையும் அளந்து எண்களோடு எழுதுங்கள். இதை வற்புறுத்த ஒரு காரணம் உண்டு: மெல்பேர்ண் குழாய்நீர் மலைக்காடுகளின் நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மிக மென்மையான நீர். ஆட்களுக்குக் குடிக்க அருமையானது, ஆக்சோலாட்டலுக்கு அவ்வளவு பொருத்தமில்லாதது.

இன்னொன்று: கடந்த இரண்டு மாதங்களில் தண்ணீரை எப்படி மாற்றினீர்கள்?

#5 கிளாலிக்கரை, சனி இரவு

பெட்டியை வாசித்தேன். நீங்கள் சொன்னபடியே அம்மோனியாவுக்குக் கட்டம் இல்லை. மூன்று வருடமாக இல்லாத ஒன்றைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

தண்ணீர் மாற்றியது பற்றிக் கேட்டது சரியான இடத்தில் குத்துகிறது. வழமையாகக் கிழமைக்கு ஒரு தடவை ஐந்திலொரு பங்கு மாற்றுவேன். டிசம்பரில் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் யாழ்ப்பாணம் போய் ஆறு கிழமை நின்றோம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன நாளில் சொன்ன அளவு உணவு போட்டிருக்கிறான், வற்றிய அளவுக்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறான். பழைய தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. வந்த பின்பும் பயணக் களைப்பில் ஒரே ஒரு தடவைதான் மாற்றினேன். மலம் கழித்து ஒன்பது நாட்கள். கூழாங்கல் ஒன்றுமில்லை. புழு, உரப்பெட்டிச் செம்புழுதான்.

#6 கிளாலிக்கரை, ஞாயிறு பிற்பகல் 2.40

துளிமருந்துப் பெட்டி வாங்கி இரண்டு தடவை அளந்தேன். அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு). நைட்ரைட் 0. நைட்ரேட் 80. பிஎச் அட்டையின் ஆகக் கீழான மஞ்சளில் நிற்கிறது, அதாவது 6.0 அல்லது அதற்கும் கீழே. கேஎச் சோதனையில் நீலம் எத்தனையாவது துளியில் மஞ்சளாகிறது என்று எண்ண வேண்டுமாம். எனக்கு நீலமே வரவில்லை, முதல் துளியிலேயே மஞ்சள்.

#7 வண்டலூர்வாசி (சென்னை), ஞாயிறு

அக்கா, பிஎச் இவ்வளவு இறங்கினால் உடனே ஏற்ற வேண்டும். வீட்டில் ஆப்பச்சோடா இருக்கும். இரண்டு தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள், ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும்.

#8 கிளாலிக்கரை, ஞாயிறு 4.25

ஊற்றினேன். பிஎச் இப்போது 8 அளவில் காட்டுகிறது. ஆனால் கொழுக்கட்டை பைத்தியம் பிடித்ததுபோலத் தொட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாய்கிறது, கண்ணாடியில் முட்டுகிறது, மேலே வந்து காற்றை விழுங்குகிறது. மூன்று வருடத்தில் இது இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. யாராவது இருக்கிறீர்களா?

#9 மருந்துக்கரண்டி, ஞாயிறு 4.31

உடனே வெளியே எடுங்கள். விளக்கம் பிறகு.

சவர்க்காரம் படாத ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் குழாய்நீரைப் பிடித்து, குளோரின் நீக்கியை அளவாகக் கலந்துகொள்ளுங்கள். விலங்கை வலையால் பிடிக்காமல், அகலமான கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு டப்பாவுக்கு மாற்றுங்கள். செவுள் இழைகள் வலையில் சிக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் இயன்றதைச் சரித்துவிட்டு மாற்றவும். டப்பாவைச் சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் இறக்கி, உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை டப்பாவுக்கு வெளியே, பக்கத்தில் வையுங்கள். வெப்பம் மெதுவாக இறங்கட்டும். மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கிவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம், மகள் உட்பட.

#10 கிளாலிக்கரை, ஞாயிறு 6.05

மாற்றிவிட்டோம். டப்பாவில் 20 பாகை, இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது அடியில் அசையாமல் கிடக்கிறது. செவுள்கள் மட்டும் இடைக்கிடை உதறுகின்றன. மகள் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்கிறாள். இப்போது விளக்கம் சொல்லுங்கள் டொக்டர்.

#11 மருந்துக்கரண்டி, ஞாயிறு இரவு

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனெனில் உணவு மறுப்பும் இன்று மாலை நடந்ததும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் விலங்கின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையில் அமிலம் உண்டாகிறது என்பதும், அந்த அமிலத்தைத் தண்ணீரிலுள்ள கார்பனேட்டுகள் தாங்கிக்கொள்கின்றன என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நைட்ரஜன் கணக்கில் ஒரு மில்லிகிராம் அம்மோனியா மாற்றப்படும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. குழாய்நீரிலேயே கையிருப்பு சொற்பம் என்னும் ஊரில், கிழமைதோறும் புதுத் தண்ணீர் வந்தால்தான் அந்தக் கையிருப்பு நிரம்பும். ஆறு கிழமை வற்றியதற்கு மட்டும் ஊற்றியதால் வரவைவிடச் செலவு கூடி, கேஎச் தீர்ந்துபோய், பிஎச் சரிந்தது. வாதுமை இலையும் தன் பங்குக்கு அமிலத்தைச் சேர்த்தது. பிஎச் 6-ஐ நெருங்கியதும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டன, அம்மோனியா சேரத் தொடங்கியது. அந்த அமிலநீரும் அதிலிருந்த 80 பிபிஎம் நைட்ரேட்டுமே பசியை அடக்கப் போதும்.

ஆனால் அமிலநீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். அது செவுளுக்குள் எளிதில் நுழையாது. பரிசோதனை இரண்டையும் கூட்டித்தான் 4 என்று காட்டுகிறது. பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு வடிவமான அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். 17 டிகிரியில் பிஎச் 6 இருக்கும்போது நூற்றுக்கு 0.03 அளவிலிருந்த அந்தப் பங்கு, பிஎச் 8-ல் நூற்றுக்கு 3 ஆகிறது. அதாவது அதே 4 பிபிஎம் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் நூறு மடங்கு நஞ்சானது. கொழுக்கட்டை பாய்ந்தது அந்த எரிச்சலில்தான்.

#12 வண்டலூர்வாசி, ஞாயிறு இரவு

தவறு என்னுடையது அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்புக் கனம். பிஎச் இறங்குவது என்ற சிக்கலை நான் வளர்க்கும் மீன்களில் கண்டதே இல்லை, எங்கோ படித்ததை அளந்து பார்க்காமல் எழுதிவிட்டேன். அம்மோனியா 4 என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

#13 கிளாலிக்கரை, திங்கள்

நீங்கள் நல்லது நினைத்துத்தான் சொன்னீர்கள் தம்பி. பதினைந்து நிமிடம் பொறுக்காமல் ஊற்றியது நான்தான். டப்பாவில் இரவு தாண்டிவிட்டது. சுவாசம் சீராக இருக்கிறது. இனி என்ன செய்வது? டப்பா எத்தனை நாளைக்கு? தொட்டியை முழுக்கக் கழுவி முதலிலிருந்து தொடங்கவா?

#14 பனிக்குளம், திங்கள்

கழுவ வேண்டாம் அக்கா! வடிகட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்திருக்கின்றனவே தவிர, செத்துப்போகவில்லை. விலங்கு டப்பாவில் இருக்கட்டும். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். அடுத்த நாளுக்கான நீரில் குளோரின் நீக்கியைக் கலந்து முதல்நாளே குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், ஊற்றும் நேரம் குழாய்நீரோடு கலந்து 17-க்குக் கொண்டுவருவது எளிது. தொட்டி காலியாக இருப்பதால் அதில் தயங்காமல் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது நிரப்பலாம். விலங்கு உள்ளே இருந்திருந்தால் இதையே சிறிது சிறிதாகத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

#15 நீலகிரித்தவளை, திங்கள்

கேஎச் நிலையாக நிற்க ஆப்பச்சோடாவைவிடக் கிளிஞ்சல் துகள் மேல். கோழித்தீவனக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அலசி, வலைப்பையில் ஒரு கைப்பிடி கட்டி வடிகட்டிக்குள் வையுங்கள். நீர் அமிலமாகும்போது தானே கரைந்து ஈடு செய்யும், அமிலம் குறைந்தால் கரைவதும் குறையும். தொட்டியின் தரையில் மட்டும் தூவிவிடாதீர்கள், நான் மேலே சொன்ன குடல் அடைப்பு உண்மையாகவே வந்துவிடும். வாதுமை இலைகளையும் எடுத்துவிடுங்கள்.

இந்த விலங்கின் சொந்த ஊரை நினைத்துப் பார்த்தால் இது புரியும். மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவின் கால்வாய்களில்தான் இவற்றின் காட்டு இனம் மிஞ்சியிருக்கிறது. எரிமலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கின் கனிமம் கலந்த நீர் அது. பக்கத்திலிருந்த சால்கோ ஏரியை வடித்தே விட்டார்கள். 1864-ல் பாரிசுக்குக் கொண்டுபோன 34 விலங்குகளில் சிலவற்றிலிருந்து பெருகியவைதான் நம் தொட்டிகளில் உள்ளவற்றுக்குப் பெருமளவு முன்னோர்கள். அத்தனை தலைமுறை கண்ணாடிக்குள் பிறந்தும் உடல் இன்னும் அந்தக் கால்வாய் நீரைத்தான் கேட்கிறது.

#16 அடையாறு_அலை (சென்னை), செவ்வாய்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடமுள்ள ஒன்றும் பத்து நாட்களாக உண்ணவில்லை. சில்லர் கிடையாது, மின்விசிறி மட்டும்தான். தண்ணீர் 29 டிகிரி. நானும் கிளிஞ்சல் போடலாமா?

#17 மருந்துக்கரண்டி, செவ்வாய்

உங்களுடையது வேறு சிக்கல், இதைவிட அவசரமானது. 16 முதல் 18 டிகிரிவரை இருக்க வேண்டிய விலங்கு 29-ல் இருக்கிறது. 24-ஐத் தாண்டினாலே ஆபத்து, அங்கே பசி நிற்பது முதல் அறிகுறி, அடுத்தது பூஞ்சை. மின்விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் இறக்கும், அதுவும் காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் இன்னும் குறைவு. இன்றே ஐஸ் பெட்டியில் டப்பா முறைக்கு மாற்றி, சில மணி நேரத்தில் படிப்படியாக இறக்குங்கள். சில்லர் வாங்க வழி இல்லையென்றால், வைத்திருப்பவரிடம் ஒப்படைப்பதுதான் அதற்குச் செய்யும் நன்மை. தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

#18 கிளாலிக்கரை, வெள்ளி

ஐந்தாம் நாள். நேற்று மலம் கழித்தது. செவுள்கள் பின்னோக்கி நிமிர்ந்துவிட்டன, வால் நுனியும் நேராகிவிட்டது. ஆனால் இன்னும் உண்ணவில்லை. காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு நேரமும் புழுவைக் காட்டிப் பார்க்கிறேன்.

#19 பனிக்குளம், வெள்ளி

அந்த நான்கு நேரத்தை முதலில் நிறுத்துங்கள் அக்கா. வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையின் வாயருகே கரண்டியைப் பிடித்துக்கொண்டே நிற்பது போன்றது அது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, மாலையில், விளக்கை அணைத்த பிறகு காட்டுங்கள். செம்புழுவை விட்டுவிட்டு, பூச்சிமருந்தோ நத்தை மருந்தோ படாத தோட்டத்து மண்ணில் ஒரு சாம்பல் நிற மண்புழுவைத் தோண்டி எடுத்து, மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குங்கள். நறுக்கிய முனையிலிருந்து கசியும் மணம்தான் தூது. கண்பார்வை மங்கிய இந்த விலங்கு மணத்தாலும் நீரின் அசைவாலும்தான் இரையை அறிகிறது. மூக்கின் நேர் முன்னே நீட்டாமல், வாயின் பக்கவாட்டில் ஒரு விரல் தூரத்தில் மெல்ல அசைத்து, பத்து எண்ணும்வரை பாருங்கள். எடுக்காவிட்டால் புழுத்துண்டை வெளியே எடுத்துவிட்டு அடுத்த நாளைக்கு அடுத்த நாள் வாருங்கள்.

#20 கிளாலிக்கரை, செவ்வாய் இரவு

உண்டது!

ஞாயிறன்று எட்டு எண்ணும்போது தலையைத் திருப்பியது. இன்று மாலை மகள்தான் எண்ணினாள். ஆறு வரை வந்தபோது முன்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்தது, ஏழில் "டப்". புழுவின் வால் உதட்டோரம் சில நொடி தொங்கியது, துப்பப் போகிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு விழுங்கில் அதுவும் போய்விட்டது.

தொட்டியில் அம்மோனியா 0.25-க்கு இறங்கியிருக்கிறது, நைட்ரேட் 20, பிஎச் 7.2. எப்போது திரும்ப விடலாம் டொக்டர்?

#21 மருந்துக்கரண்டி, புதன்

மகிழ்ச்சி. இன்னொரு துண்டு கொடுக்க வேண்டாம். இத்தனை நாள் காலியாக இருந்த குடலுக்கு நாளை மறுநாள் ஒன்று, பிறகு மெல்ல வழக்கத்துக்கு வரலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து மூன்று நாள் 0 காட்டினால் திரும்ப விடுங்கள். விட்ட முதல் கிழமை தினமும் அளக்க வேண்டும். கேஎச் எவ்வளவு என்று எழுதவில்லையே?

#22 கிளாலிக்கரை, புதன்

மகள் இரண்டாவது துண்டையும் நறுக்கித் தட்டில் வைத்துவிட்டாள். உங்கள் பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டி, தோட்டத்துச் சாடியில் போட வைத்தேன். கேஎச் இப்போதுதான் அளந்தோம். முதல் மூன்று துளிக்கும் நீலம் நின்றது, நான்காவதில்தான் மஞ்சளானது.